தொப்பூரில் முந்திய வண்டி

எருமப்பட்டியில் ஜோதி வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் யோசிப்பார்கள். ரிக் வண்டிக்குப் போன செங்கோடன் வீடு என்றால் உடனே கை காட்டிவிடுவார்கள். இத்தனைக்கும் செங்கோடன் அந்த வீட்டில் இருந்த நாட்கள் குறைவு. கல்யாணமான மறு வருஷமே போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலைக்குச் சேர்ந்து வடக்கே போனவன். சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், நாக்பூர்ப் பக்கம் என்று வண்டி போகுமிடமெல்லாம் அவனும் போனான். மழைக்காலத்தில் வேலை நிற்கும்போது ஒரு மாதம் போல ஊருக்கு வருவான். வந்த முதல் வாரம் தூங்குவான். இரண்டாம் வாரம் ஓடு மாற்றுவது, மோட்டாரைப் பார்ப்பது என்று ஏதாவது செய்வான். அப்புறம் வாசலில் நின்று ரோட்டைப் பார்க்க ஆரம்பித்துவிடுவான். அதைக் கண்டதும் ஜோதி அவன் துணிகளைத் துவைத்து மடித்து வைக்கத் தொடங்குவாள்.

குழந்தை இல்லை. மாமியார் இருந்தவரை பேச்சுக்கு ஓர் ஆள் இருந்தது. அவர் போன பிறகு வீட்டில் ஜோதி மட்டும்தான். காலையில் பக்கத்துக் கோழிப்பண்ணைக்குப் போய் முட்டைகளை அட்டையில் அடுக்கும் வேலை. மதியம் திரும்பி வந்தால் மிச்சப் பொழுது முழுவதும் அப்படியே கிடக்கும். சோறு தின்ற தட்டு ஒன்று, குடித்த டம்ளர் ஒன்று. அதைக் கழுவ எவ்வளவு நேரம் ஆகிவிடும்? டிவியைப் போட்டு வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

பண்ணையில் கூட வேலை செய்த ஒரு பெண் அரசு வேலைக்கான குரூப் ஃபோர் பரீட்சைக்கு விண்ணப்பித்தபோது ஜோதியும் கூடவே விண்ணப்பித்தாள். வேலை கிடைக்கும் என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. பிளஸ் டூ முடித்திருந்தாள், அவர்கள் பிரிவுக்கு வயது தடையில்லை என்றார்கள், அவ்வளவுதான். அந்தப் பெண் இரண்டு மாதத்தில் கல்யாணமாகிப் போய்விட்டாள். நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய தடித்த புத்தகத்தோடு ஜோதி மட்டும் மிஞ்சினாள்.

தமிழும் பொது அறிவும் படித்தால் வந்தது. திறனறிவுக் கணக்குகள்தான் வரவில்லை. பள்ளிக்கூடத்திலேயே கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறியவள். ஒரு தாயின் வயது மகளின் வயதைப் போல மூன்று மடங்கு, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து இரண்டு மடங்கு, எனில் மகளின் வயது என்ன என்று ஒரு கேள்வி. மகளுக்குப் பத்து என்று போட்டுப் பார்த்தாள். தாய்க்கு முப்பது. பன்னிரண்டு கூட்டினால் இருபத்திரண்டும் நாற்பத்திரண்டும். பொருந்தவில்லை. பதினைந்து போட்டாள். அதுவும் இல்லை. இப்படியே அகப்பட்ட எண்ணையெல்லாம் போட்டுப் போட்டு ஒரு மதியம் போனது.

செல்போனில் ஒரு வாத்தியார் கணக்கு நடத்துவதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு வழி புரிந்தது. தெரியாததை எக்ஸ் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார் அவர். அது தெரிந்துவிட்ட மாதிரியே மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டு போனால் கடைசியில் அதுவே தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்றார். ஜோதி மகளின் வயதை எக்ஸ் என்று வைத்தாள். தாய் மூன்று எக்ஸ். இரண்டு பேருக்கும் பன்னிரண்டு கூட்டினாள். தாயின் பக்கம் இருப்பது மகளின் பக்கம் இருப்பதைப் போல இரண்டு மடங்கு என்று எழுதினாள். நாலே வரியில் மகளுக்குப் பன்னிரண்டு வயது, தாய்க்கு முப்பத்தாறு என்று வந்தது. சரிபார்த்தாள். சரியாகவே இருந்தது. வெகுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் அந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கும் அதே வயதில் ஒரு மகள் இருந்திருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்து போயிற்று.

அதன் பிறகு மதியங்கள் நகர்ந்தன. கணக்குகளில் எப்போதும் ஆட்கள் இருந்தார்கள். ஏ என்பவரும் பி என்பவரும் சேர்ந்து சுவர் கட்டினார்கள். யாரோ படகில் ஆற்றை எதிர்த்துப் போய்த் திரும்பினார்கள். ஒரு ரயிலை இன்னொரு ரயில் துரத்தியது. சொல்லிக்கொள்ள யாருமில்லாத வீட்டில் இவர்கள் வந்து போவது ஜோதிக்குப் பிடித்திருந்தது.

குழாய்க் கணக்கு பழகிய வாரம் தெருத்தொட்டியை அவள் வேறு கண்ணோடு பார்த்தாள். மோட்டார் போட்டால் காலித் தொட்டி இரண்டு மணி நேரத்தில் நிரம்பும். எல்லாத் தெருக்குழாயும் திறந்திருந்தால் நிறைந்த தொட்டி மூன்று மணி நேரத்தில் வற்றும். இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தால்? மணிக்குப் பாதித் தொட்டி ஏறுகிறது, மூன்றில் ஒரு பங்கு இறங்குகிறது. மிச்சம் ஆறில் ஒரு பங்கு. நிரம்ப ஆறு மணி நேரம் வேண்டும். அதற்குள் கரண்ட் போய்விடும். கடைசித் தெருவுக்குத் தண்ணீர் எட்டாதது அதனால்தான். முதலில் வால்வைப் பூட்டிவிட்டுத் தொட்டியை நிரப்பினால் எல்லாருக்கும் வரும் என்று அடுத்த வீட்டுப் பழனியம்மாளிடம் சொன்னாள். பழனியம்மாள் அதைத் தொட்டி பார்க்கும் ஆண்டியிடம் சொன்னாள். ஆண்டியும் அப்படியே செய்து பார்த்தார். கடைசித் தெருவில் தண்ணீர் வந்தது. தண்ணீர் வந்ததும் அந்தப் பேச்சு அதோடு முடிந்துபோனது.

செங்கோடனிடம் மட்டும் போனில் சொன்னாள். அந்த வருஷம் மழைக்காலத்திலும் அவன் வரவில்லை. வண்டி மழையில்லாத பக்கம் போய்விட்டது, நிறுத்த மாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லியிருந்தான். வழக்கமாக ரெண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறவன் தொட்டிக் கணக்கை மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டான். கடைசியில், "தரையில உக்காந்தா எழுதற? இடுப்பு வலிக்காதா?" என்றான். வலிக்கும்தான் என்றாள் ஜோதி.

கொஞ்ச நாள் கழித்து அவனே கூப்பிட்டான். நாக்பூரில் ஓர் ஆபீசைக் காலி பண்ணினார்களாம், எழுதும் பலகை வைத்த நாற்காலி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறானாம். காளியண்ணன் என்ற டிரைவர் மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு அவளுடைய பண்ணைக்கே வருகிறார், அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன் என்றான்.

லாரி ஒரு முற்பகலில் பண்ணைக்கு வந்தது. தார்ப்பாய்க்கு மேலே கயிறு கட்டிய நாற்காலி மல்லாந்து கிடந்தது. காளியண்ணன் அதை இறக்கித் துண்டால் துடைத்து ஜோதியிடம் கொடுத்தார். செங்கோடன் எப்படி இருக்கிறார் என்று அவள் கேட்டதற்கு, நல்லா இருக்காருங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் நிழலில் உட்கார்ந்தார். மூட்டை இறக்குகிறவர்களிடம் அவருக்கு ஒரு குறை சொல்ல இருந்தது. அதே முதலாளியின் இன்னொரு வண்டியை ஓட்டுகிற ஓர் இளவட்டத்தைப் பற்றியது அது.

"டீ குடிச்சதும் நான் எடுத்துட்டேனுங்க. லோடு வண்டி, நாப்பதுக்கு மேல மிதிக்கல. அவன் அங்கியே ஒரு மணி நேரம் படுத்து எந்திரிச்சு எடுத்திருக்கான். எம்டி வண்டி, அறுபதுல வந்து தொப்பூர்க் கணவாயில, அந்த எறக்கம் ஆரம்பிக்கற எடத்துல ஹாரன் அடிச்சுட்டு முந்தறான். அங்க முந்தலாமுங்களா?"

"வழியில நீங்க எங்கியும் நிக்கலீங்களா?" என்று யாரோ கேட்டார்கள்.

ரெண்டு பேருமே நிற்கவில்லை என்றார் காளியண்ணன். நின்றிருந்தால் அந்த அவசரக்காரனை அங்கேயே ரெண்டு கேட்டிருப்பாராம்.

ஜோதிக்குச் சின்னதாக ஒரு சந்தேகம். "அந்த டீ எங்க ஊட்டுக்காரரு கூடக் குடிச்சதுங்களா?" என்றாள்.

"ஆமாங்க, எடைமேடைகிட்ட மூணு பேருந்தான் குடிச்சோம்" என்றவர் சட்டென்று எழுந்து, அவசியமில்லாமல் ஒரு கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.

நாற்காலியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போது ஜோதி அந்தக் கணக்கைப் போட்டாள். எதையும் கண்டுபிடிக்க நினைத்துப் போடவில்லை. புத்தகத்தில் அதே மாதிரி பத்துக் கணக்கு போட்டிருந்தாள், பழக்கத்தில் மனசு தானாகப் போட்டது. முதல் வண்டி ஒரு மணி நேரத்தில் நாற்பது கிலோமீட்டர் முன்னால் போய்விடுகிறது. பின்னால் வருவது மணிக்கு இருபது கிலோமீட்டர் கூடுதலாக வருகிறது. நாற்பதை எட்டிப்பிடிக்க இரண்டு மணி நேரம். இரண்டு மணி நேரம் அறுபதில் வந்தால் நூற்றிருபது. டீ குடித்த இடத்திலிருந்து தொப்பூர் நூற்றிருபது கிலோமீட்டர்.

அங்கேயே நின்றுவிட்டாள். நாக்பூர் தொப்பூரிலிருந்து ஆயிரத்து இருநூறு கிலோமீட்டராவது இருக்கும்.

வீட்டுக்கு வந்து அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, எக்ஸ் வைத்து மறுபடி எழுதினாள். அதே விடை. தப்பு எங்காவது இருக்க வேண்டும் என்று தேடினாள். காளியண்ணன் வேகத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லியிருக்கலாம். முப்பத்தைந்தும் ஐம்பத்தைந்தும் போட்டாள். இன்னும் பக்கத்தில் வந்தது. நாற்பத்தைந்தும் அறுபதும் போட்டாள். நூற்றெண்பதுதான். நாக்பூரில் கிளம்பியிருந்தால் பின்னால் வந்த வண்டி தொப்பூர் வரை காத்திருக்காது, அந்த மாநிலத்திலேயே முந்தியிருக்கும். எப்படிப் போட்டாலும் செங்கோடன் நாக்பூரில் இல்லை. தொப்பூரிலிருந்து வடக்கே தர்மபுரி, கிருஷ்ணகிரி, அப்புறம் ஓசூர். நூற்றிருபது ஓசூரில் முடிகிறது.

சாயங்காலம் அவன் கூப்பிட்டான். நாற்காலி வந்ததா என்று கேட்டான். வந்தது, நன்றாக இருக்கிறது என்றாள். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். நாக்பூர்ப் பக்கம்தான் என்றான். ஜோதி போனைக் காதிலிருந்து இறக்கினாள். அவனே ரெண்டு தடவை ஹலோ என்று சொல்லிவிட்டு வைத்தான்.

அடுத்து வந்த நாட்களில் அவள் புத்தகத்தைத் தொடவில்லை. இன்னொரு பெண்ணாக இருக்குமோ என்று நினைத்தாள். பழனியம்மாளிடம் சொல்லிவிடலாம் என்று அவள் வாசல் வரை போனாள். "என்ன சாமி, மூஞ்சி வாடிக் கெடக்குது?" என்று கேட்டாள் பழனியம்மாள். தலைவலி என்று சொல்லித் திரும்பி வந்தாள். சொல்லிவிட்டால் ஊர் முழுக்க ஒரு பேச்சாகும், அப்புறம் அது அவளுடைய விஷயமாக இருக்காது. நாற்காலி மட்டும் அவள் சந்தேகத்துக்குள் அடங்கவில்லை. விட்டுவிட்டுப் போக நினைக்கிறவன் இடுப்பு வலிக்குமே என்று ஏன் நினைக்க வேண்டும்? ஒரு விடுமுறை நாளில் விடியற்காலைப் பஸ்ஸில் ஏறினாள். சேலத்தில் மாறி ஓசூர் போய் இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

ஓசூரை அவள் அதுவரை பார்த்ததில்லை. நெடுஞ்சாலையில் எடைமேடைகள் பல இருந்தன. சாலை நடுவில் தடுப்புச் சுவர் ஓடியது. தெற்கே போகிற லாரி எதிர்ப்பக்கத்து எடைமேடைக்குத் திரும்பாது. ஆகவே கிருஷ்ணகிரி போகும் பக்கத்திலேயே நடந்தாள். ஒருவன் படுத்துத் தூங்குமளவுக்கு வண்டி நிறுத்த இடமிருக்க வேண்டும், பக்கத்தில் டீக்கடை இருக்க வேண்டும். இடமில்லாதவற்றை நின்று பார்க்காமலே கடந்தாள். புளியமரங்களுக்குக் கீழே லாரிகள் வரிசையாக நின்ற ஓர் இடத்தில் தகரக்கூரை போட்ட அறை ஒன்று தெரிந்தது. சன்னலுக்குள் காக்கிச் சட்டையில் ஒருவன் குனிந்து ரசீது எழுதிக்கொண்டிருந்தான். இடது கையால் எழுதினான். செங்கோடன் வலது கைக்காரன். ஆனாலும் அந்தப் பிடரி அவளுக்குத் தெரியும்.

"ஏனுங்க, சாப்டாச்சுங்களா?" என்றாள் ஜோதி. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த எதுவும் அந்த நேரத்தில் வரவில்லை.

செங்கோடன் எழுந்து நின்றான். எழும்போதே வலது கையை மேசைக்குக் கீழே கொண்டுபோனான். பிறகு அதை மறைப்பதிலும் அர்த்தமில்லை என்று பட்டதோ என்னவோ, மேலே எடுத்து வைத்தான். கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் இருந்தன.

"காளியண்ணன் சொல்லிட்டானா?"

"அவரு ஒண்ணுஞ் சொல்லலீங்க. தொப்பூர்ல பின்னால வந்த வண்டி முந்துச்சுன்னு மட்டுந்தான் சொன்னாரு. கணக்குப் போட்டேனுங்க."

அவனுக்கு அது விளங்கவில்லை. விளக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. வாசலில் ஒரு லாரி எடைக்காக ஹாரன் அடித்தது. அவன் அதை மேடையில் ஏற்றி, எடை பார்த்து, ரசீது கொடுத்து அனுப்பும் வரை அவள் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீக்கடைக்குப் பக்கத்து மெஸ்ஸில் சாப்பிடும்போதுதான் அவன் சொன்னான். போன கோடையில் ஒரு நாள் ரிக்கில் குழாய் நழுவிக் கை மாட்டிக்கொண்டது. வைத்தியமெல்லாம் முதலாளியே பார்த்தார். இனி இந்தக் கையை வைத்துக்கொண்டு ரிக்கில் நிற்க முடியாது என்று சொல்லி ஊருக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். பஸ் ஓசூரில் டீக்கு நின்றது. இறங்கியவன் திரும்ப ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று நினைத்தான். பிறகு நாளைக்குப் போகலாம் என்று நினைத்தான். எடைமேடையில் ஆள் வேண்டும் என்று போர்டு இருந்தது. அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று போய்க்கொண்டே இருந்தது. வடக்கே இருப்பதாகச் சொன்ன பொய்யை நிறுத்த வழி தெரியவில்லை.

"கையி போனதுக்கா வராம இருந்தீங்க? எங்கிட்ட என்னத்துக்கு வெக்கம்?"

செங்கோடன் தட்டில் இருந்த சோற்றை இடது கையால் மெதுவாகப் பிசைந்தான். "கையி மட்டுமில்ல, ஜோதி. ஒரு மாசம் வந்து இருந்துட்டுப் போறவனாத்தான் அந்த ஊடு எனக்குத் தெரியும். அதுக்கு மேல அங்க இருந்தா பகல்ல என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல."

வாருங்கள் போகலாம் என்று சொல்லத்தான் வந்திருந்தாள். அவன் சொன்னது பொய்யில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அவன் நிரந்தரமாக வந்துவிட்டால் மதியங்களில் அந்த வீடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். எதுவும் மனதில் வரவில்லை.

"எனக்குந் தெரியலீங்க" என்றாள்.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட வந்தான். வழியில் அவன் இடது கையை அவள் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில் கூட அவர்கள் அப்படி ரோட்டில் நடந்ததில்லை. பஸ் கிளம்பும்போது, பரீட்சையை விட்டுவிடாதே என்று அவன் சன்னலோரம் நின்று சொன்னான். கிருஷ்ணகிரி தாண்டும்வரை அழுதாள். பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் எதுவும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

ஜோதி பரீட்சை எழுதினாள். திறனறிவுக் கேள்விகளில் ஒன்றிரண்டைத் தவிர மற்றதெல்லாம் சரி. முடிவு வர வெகுநாள் ஆனது. அதற்குள் செங்கோடன் இரண்டு முறை எருமப்பட்டிக்கு வந்து போனான். ஊர்க்காரர்கள் கையைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவிட்டு, விடிவதற்குள் கிளம்பிவிட்டான். கலந்தாய்வில் ஜோதிக்கு மேட்டூரில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. எருமப்பட்டி வீட்டைப் பூட்டிச் சாவியைப் பழனியம்மாளிடம் கொடுத்துவிட்டு, ஒரு பெட்டியோடும் நாற்காலியோடும் போனாள்.

மேட்டூரில் அவள் பிடித்தது மேட்டின் மேல் ஒற்றை அறை. சன்னலைத் திறந்தால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். ரெண்டு பேருக்குமே புது ஊர், இங்கே நீங்கள் விருந்தாளி இல்லை, வந்து இருங்கள் என்று அவள் கூப்பிட்டாள். செங்கோடன் வந்தான். மூன்று வாரம் இருந்தான். சமைத்தான், இடது கையால் அலமாரிக்கு ஆணி அடித்தான், அணைப் பூங்கா வரை நடந்து வந்தான். அப்புறம் ஒரு நாள் ஜோதி அலுவலகம் விட்டு வந்தபோது துணிகளைத் தானே துவைத்துக் கொடியில் போட்டிருந்தான். காய்ந்ததும் கிளம்பினான். அவள் தடுக்கவில்லை. இப்போது லீவு கிடைக்கும்போது வருகிறான், ஒரு நாளோ ரெண்டு நாளோ இருக்கிறான். இதைவிட அதிகம் தங்களால் முடியாது என்று இருவருக்குமே தெரிந்துவிட்டது போல இருந்தது. முடிகிற அளவில் குறை வைப்பதில்லை. அலுவலகத்தில் கேட்பவர்களுக்கு வீட்டுக்காரர் ஓசூரில் இருக்கிறார் என்று சொல்கிறாள். அது உண்மை என்பதால் சொல்வதற்குச் சங்கடமில்லை. ஆனாலும் அறையைத் திறந்து விளக்கைப் போடுகிற அந்த நிமிஷம் அவளுக்குப் பழகவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவனைப் பஸ் ஏற்றிவிட்டு வருகிற வழியில் அணை மீன் வாங்கினாள். மீன்காரி பெரிய மீனைப் பாதியாக வெட்டித் தர மாட்டேன் என்றுவிட்டாள். குழம்பு வைத்த பிறகு சட்டியைப் பார்த்தாள். ஓர் ஆள் தின்று தீராது. எதிர் அறையில் இன்னாசிமேரி என்று ஒரு நர்ஸ் இருந்தாள். மகன் வெளிநாட்டில், கணவர் இறந்து வெகுகாலம். குடி வந்த நாளிலிருந்து படியில் பார்த்தால் சிரிப்பதோடு சரி. ஜோதி ஒரு கிண்ணத்தில் குழம்பை ஊற்றிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த இன்னாசிமேரி கிண்ணத்தை வாங்கி முகர்ந்து பார்த்தாள். சோறு சூடாகத்தான் இருக்கிறது, நீங்களும் இங்கேயே சாப்பிடுங்கள் என்றாள். ஜோதி தயங்கியபடி வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாங்க. கதவத் தொறந்து வெச்சா கொசு வந்துரும்" என்றாள் இன்னாசிமேரி.

ஜோதி உள்ளே போய் உட்கார்ந்தாள்.